முஷாரஃப் உயிரைப் பறித்த அமிலாய்டோசிஸ்: இதயம், தைராய்டு இரண்டையும் பாதிக்கும் நோய் ஏன் லேட்டாகவே பிடிபடுகிறது?

2022 ஜூன் 10. பாகிஸ்தானின் முன்னாள் அதிபர் பர்வேஸ் முஷாரஃப் இறந்துவிட்டதாக சமூக வலைதளங்களில் தகவல் பரவியது. சில ஊடகங்களும் அதைச் செய்தியாக்கின. கொஞ்ச நேரத்திலேயே குடும்பத்தினர் மறுப்பு வெளியிட்டனர். அவர் வென்டிலேட்டரில் இல்லை, அமிலாய்டோசிஸ் என்ற நோயின் பாதிப்பால் 3 வாரங்களாக மருத்துவமனையில் இருக்கிறார், உறுப்புகள் செயலிழந்து வருகின்றன, இனி குணமாவது சாத்தியமில்லை என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த சில மாதங்களில், 2023 பிப்ரவரி 5 அன்று, துபாயில் 79 வயதில் முஷாரஃப் காலமானார். அன்று பலரும் கூகுளில் தேடிய சொல் 'அமிலாய்டோசிஸ்'. அது என்ன நோய்? ஒரே நோய் இதயத்தையும் கழுத்தில் இருக்கும் தைராய்டையும் எப்படித் தொடுகிறது? சிகிச்சை இருந்தும் ஏன் பலர் கடைசிக் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

அமிலாய்டு என்றால் அமிலமா?

பெயரைக் கேட்டதும் நமக்கு 'அமிலம்' ஞாபகம் வரும். வயிற்றில் ஆசிட் சுரக்கும் பிரச்சினையோ என்று நினைத்துவிடுவோம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. லத்தீன் மொழியில் 'அமைலம்' என்றால் மாவுச்சத்து. அதிலிருந்து வந்த பெயர் இது.

1854-ல் ஜெர்மனி மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, உடல் உறுப்புகளில் படிந்திருந்த ஒரு பொருள்மேல் அயோடின் விட்டுப் பார்த்தார். நிறம் மாறியது. பள்ளிக்கூட லேபில் உருளைக்கிழங்குமேல் அயோடின் விட்டால் கருநீலமாக மாறுமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. அதனால் 'மாவுச்சத்து போன்றது' என்ற அர்த்தத்தில் அமிலாய்டு என்று சொன்னார். 1859-லேயே அது மாவுச்சத்து இல்லை, புரதம் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சிம்பிளா சொல்லணும்னா, நம் உடலில் உருவாகும் ஒவ்வொரு புரதமும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்தால்தான் அதன் வேலையைச் செய்ய முடியும். சில நேரம் அது தப்பாக மடிந்துவிடும். அப்படித் தப்பாக மடிந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத நுண்ணிய இழைகளாக மாறி, உறுப்புகளில் போய்ப் படிகின்றன. அந்தப் படிவுதான் அமிலாய்டு. அது படிந்து உறுப்புகளைக் கெடுக்கும் நோய்தான் அமிலாய்டோசிஸ்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் படிந்தால் 'லோக்கலைஸ்டு'. ரத்தத்தின் வழியாகப் போய் இதயம், சிறுநீரகம், கல்லீரல், நரம்பு, குடல், நாக்கு, தைராய்டு என்று பல இடங்களில் படிந்தால் 'சிஸ்டமிக்'. நாம் இங்கே பேசுவது இந்த இரண்டாவது வகையைத்தான். இது தொற்றுநோய் இல்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.

எத்தனை வகை?

அமிலாய்டாக மாறக்கூடிய புரதங்கள் 30-க்கும் மேல் இருக்கின்றன. ஆனால் சிஸ்டமிக் அமிலாய்டோசிஸில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை 3.

1. ஏ.எல். வகை: எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் நோய் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கின்றன. அதில் ஒரு கூட்டம் கட்டுப்பாடு இல்லாமல், 'லைட் செயின்' எனப்படும் துண்டுகளை அளவுக்கு மீறிக் கொட்டத் தொடங்கும். அந்தத் துண்டுகள்தான் படிகின்றன. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இது நெருங்கிய சொந்தம். மூன்றில் வேகமானதும் இதுதான்.

2. ஏ.டி.டி.ஆர். வகை: கல்லீரல் தயாரிக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் உடைந்து, தப்பாக மடிந்து படிவது. இது மரபணு மாற்றத்தால் குடும்பத்தில் தொடர்ந்தும் வரலாம், எந்த மரபணுக் கோளாறும் இல்லாமல் வயதானபிறகும் வரலாம். வயதானபிறகு வரும் வகையில் ஆண்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

3. ஏ.ஏ. வகை: உடலில் நீண்டகாலம் அழற்சி இருந்தால் வருவது. சரியாகக் குணப்படுத்தாத காசநோய், தொழுநோய், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் போன்றவை இதற்குக் காரணமாகலாம். காசநோய் அதிகம் உள்ள இந்தியாவில் இந்த வகையை மறக்கக் கூடாது. இது பெரும்பாலும் முதலில் சிறுநீரகத்தைத்தான் பாதிக்கும்.

வகை எதுன்னு தெரியாமல் சிகிச்சையே தொடங்க முடியாது. ஒரு வகைக்குத் தரும் மருந்து இன்னொரு வகைக்கு வேலை செய்யாது.

இதயத்துக்கு என்ன ஆகிறது?

பழைய ஆட்டோக்களில் இருக்கும் ஹார்னின் ரப்பர் பந்தை நினைத்துப் பாருங்கள். அழுத்தினால் காற்று வெளியேறும். கையை எடுத்தால் பந்து தானாக விரிந்து மறுபடி காற்றை நிரப்பிக்கொள்ளும். அதே ரப்பர் இறுகிப்போனால்? அழுத்தலாம், ஆனால் விரியாது. காற்று நிரம்பாது.

அமிலாய்டு படிந்த இதயத்துக்கும் இதுதான் நடக்கிறது. சுவர் தடிமனாகி விறைத்துப்போகிறது. ரத்தத்தை வெளியே தள்ளுவதைவிட, உள்ளே வாங்கி நிரப்பிக்கொள்வதுதான் முதலில் கஷ்டமாகிறது. இதனால் மூச்சிரைப்பு, கால் வீக்கம், சீக்கிரமே களைப்பு. இதயத்தின் மின் பாதையிலும் படிந்தால் துடிப்பு தாறுமாறாகும் அல்லது ரொம்பக் குறையும்.

இங்கதான் முதல் சிக்கல். எக்கோ ஸ்கேனில் 'பம்பிங் நார்மல்' என்று வரலாம். சுவர் தடிமனாகத் தெரிந்தாலும், 'பல வருஷ பிரஷர், அதனால்தான்' என்று எடுத்துக்கொள்ளப்படலாம். பிரஷரால் இதயச் சுவர் தடிப்பது சகஜம் என்பதால் அந்த முடிவு நியாயமாகவே தோன்றும்.

ஆனால் இது எவ்வளவு பேரிடம் ஒளிந்திருக்கிறது என்பதை 2015-ல் ஸ்பெயினில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 60 வயதுக்கு மேற்பட்ட, பம்பிங் நார்மலாக இருந்தும் ஹார்ட் ஃபெய்லியரால் மருத்துவமனையில் சேர்ந்த, இதயச் சுவர் தடித்திருந்த 120 பேரைப் பரிசோதித்தார்கள். அதில் 16 பேருக்கு ஏ.டி.டி.ஆர். அமிலாய்டோசிஸ் இருந்தது. அதாவது சுமார் 13 சதவீதம். 'அரிய நோய்' என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, தேடிப் பார்க்காததால் அரிதாகத் தெரிகிறது.

இதில் தைராய்டு எங்கே வருகிறது?

இதயத்துக்கும் தைராய்டுக்கும் இந்த நோயில் ஒன்றல்ல, 4 தொடர்புகள் இருக்கின்றன.

முதல் தொடர்பு: நேரடிப் படிவு. சிஸ்டமிக் அமிலாய்டோசிஸ் உள்ள பலருக்குத் தைராய்டிலும் கொஞ்சம் படிவு இருக்கும். பெரும்பாலும் அது வெளியே தெரியாது, ஹார்மோன் அளவும் நார்மலாகவே இருக்கும். அரிதாகச் சிலருக்கு மட்டும் படிவு அதிகமாகி, முன்கழுத்தில் கழலையாக வீங்கும். இதை 'அமிலாய்டு காய்ட்டர்' என்கிறார்கள். ஏ.ஏ. வகையில்தான் இது அதிகம் பார்க்கப்படுகிறது. வீக்கம் வேகமாக வளர்ந்தால் விழுங்கச் சிரமம், குரல் கரகரப்பு, மூச்சுத்திணறல் வரும். பார்க்கும் யாருக்கும் முதலில் தைராய்டு புற்றுநோய் சந்தேகம்தான் வரும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மெடுல்லரி தைராய்டு கேன்சர் என்ற புற்றுநோய் வகையே கட்டிக்குள் அமிலாய்டை உருவாக்கும். அதனால் கழுத்தில் ஊசி போட்டு எடுத்த மாதிரியில் அமிலாய்டு தெரிந்தால் மட்டும் போதாது. அது புற்றுநோயோடு வந்ததா, உடல் முழுக்க இருக்கும் நோயின் பகுதியா என்று பிரித்துப் பார்க்கணும்.

இரண்டாவது தொடர்பு: அறிகுறிகள். களைப்பு, கால் வீக்கம், மலச்சிக்கல், குரல் மாற்றம், நாக்கு தடிப்பது, கை மரத்துப்போவது. இந்தப் பட்டியல் அமிலாய்டோசிஸுடையது. இதே பட்டியல் தைராய்டு ஹார்மோன் குறைபாட்டுக்கும் பொருந்தும்! இசிஜியில் அலைகள் சின்னதாகத் தெரிவது, இதய உறைக்குள் நீர் சேர்வது ஆகியவைகூட இரண்டிலும் வரலாம். டி.எஸ்.ஹெச். கொஞ்சம் அதிகமாக இருந்துவிட்டால் போதும், எல்லாப் பழியும் தைராய்டு மேல் விழுந்துவிடும்.

மூன்றாவது தொடர்பு: மருந்து. தாறுமாறான இதயத் துடிப்புக்கு அமியோடரோன் என்ற மாத்திரை தருவார்கள். அதில் அயோடின் அதிகம். அது தைராய்டு சுரப்பைக் குறைக்கவும் செய்யலாம், கூட்டவும் செய்யலாம். அதனால்தான் அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள்.

நான்காவது தொடர்பு புரதத்தின் பெயரிலேயே இருக்கிறது. டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'டிரான்ஸ்' என்பது கடத்துவது. 'தை' என்பது தைராக்ஸின். 'ரெட்டின்' என்பது ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ. தைராய்டு ஹார்மோனை ரத்தத்தில் சுமந்துபோகும் புரதங்களில் இதுவும் ஒன்று. நான்கு துண்டுகள் சேர்ந்த கூட்டணியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கூட்டணி உடைந்தால்தான் துண்டுகள் தப்பாக மடிந்து இதயத்தில் படிகின்றன. இந்தத் தகவல் மருந்து பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

ஏன் இவ்வளவு லேட்?

ஒரு உதாரணத்துக்கு 62 வயது ஓய்வுபெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். கை விரல்கள் மரத்துப்போனதால் எலும்பு மருத்துவரிடம் போகிறார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, கார்ப்பல் டனல் என்கிறார்கள். ஆபரேஷன் நடக்கிறது, சரியாகிறது. சில வருஷம் கழித்துக் களைப்பு. பொதுநல மருத்துவர் டெஸ்ட் எடுக்கிறார். தைராய்டு லேசாகக் குறைவு. மாத்திரை தொடங்குகிறது. களைப்பு முழுசா போகவில்லை. 'வயசாகுதுல்ல' என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பிறகு பாதத்தில் எரிச்சல். 'சுகரா இருக்குமோ' என்று ஒரு டெஸ்ட். எழுந்து நின்றால் தலைசுற்றல். பல வருஷமாகச் சாப்பிட்ட பிரஷர் மாத்திரை இப்போது ஒத்துக்கொள்ளவில்லை, பிரஷர் இறங்கிவிடுகிறது, மாத்திரையை நிறுத்துகிறார்கள். 'பிரஷரே குணமாகிடுச்சு' என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். கடைசியாக மூச்சுத்திணறலோடு இதய மருத்துவரிடம் போகிறார்.

இதில் எந்த மருத்துவரும் பெரிய தப்பு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தன் துறைக்கு வந்த பிரச்சினையைத்தான் பார்த்தார். கையை ஒருவர், தைராய்டை ஒருவர், காலை ஒருவர், இதயத்தை ஒருவர். ஆனால் நோயாளி ஒருவர்தான், நோயும் ஒன்றுதான். எல்லாச் சீட்டையும் ஒரே மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்திருந்தால் சில வருஷம் முன்னாடியே சந்தேகம் வந்திருக்கும்.

கை மரத்துப்போவதெல்லாம் ஒரு அறிகுறியா என்று கேட்கலாம். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 2018-ல் வெளியான ஆய்வில், கார்ப்பல் டனல் ஆபரேஷன் செய்துகொண்ட 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், 60 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் என 98 பேரின் திசுவைப் பரிசோதித்தார்கள். 10 பேருக்கு அமிலாய்டு இருந்தது. ஏ.டி.டி.ஆர். வகையில் கை அறிகுறி, இதய அறிகுறிக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடுவது உண்டு.

லேட் ஆவதன் விலை என்ன? ஏ.எல். வகையில் ஹார்ட் ஃபெய்லியர் வந்தபிறகு சிகிச்சையே இல்லாமல் விட்டால், பாதிப் பேர் சுமார் 6 மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் 'அடுத்த மாசம் ரிவ்யூ வாங்க' என்ற ஒரு மாதம்கூடப் பெரிய காலம்.

எந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் கேட்கணும்?

களைப்போ கால் வீக்கமோ தனியாக வந்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். பயப்படத் தேவையில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது. ஆனால் கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்று ஒருவருக்கே சேர்ந்து வந்தால், 'அமிலாய்டோசிஸ் பார்க்கணுமா டாக்டர்?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

• மூச்சிரைப்பு, கால் வீக்கம். எக்கோவில் இதயச் சுவர் தடிப்பு
• இரண்டு கைகளிலும் கார்ப்பல் டனல், அல்லது முன்பு அதற்கு ஆபரேஷன்
• பிரஷர் மாத்திரை திடீரெனத் தேவைப்படாமல் போவது, எழுந்தால் தலைசுற்றல்
• பாதங்களில் எரிச்சல், மரத்துப்போவது. ஆனால் சுகர் இல்லை
• சிறுநீரில் நுரை, புரதம் வெளியேறுவது
• நாக்கு தடித்து ஓரத்தில் பல் தடம் பதிவது
• அடிபடாமலே கண்ணைச் சுற்றி ரத்தக்கட்டு போல நிறம் மாறுவது
• டி.எஸ்.ஹெச். நார்மலுக்கு வந்தபிறகும் களைப்பும் வீக்கமும் குறையாதது
• முன்கழுத்தில் வேகமாக வளரும் வீக்கம்

என்னென்ன டெஸ்ட்?

முதல் துப்பு சாதாரண டெஸ்ட்களிலேயே கிடைக்கலாம். பிரஷரால் இதயச் சுவர் தடித்தால் இசிஜி அலைகள் பொதுவாகப் பெரிதாகத் தெரியும். அமிலாய்டில் எக்கோ 'சுவர் தடிமன்' என்று சொல்லும், இசிஜியோ அலை சின்னதாகக் காட்டலாம். இந்த முரண்பாடு ஒரு முக்கியமான தடயம். இசிஜியும் எக்கோவும் பெரும்பாலான ஊர்களில் எடுக்கக்கூடியவைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும், அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தபிறகு உடனே பார்க்க வேண்டியது ஏ.எல். வகை இருக்கிறதா என்று. அதற்கு ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின் டெஸ்ட், ரத்தம், சிறுநீர் இரண்டிலும் இம்யூனோஃபிக்ஸேஷன் டெஸ்ட். வேகமான வகை என்பதால் இதற்குத்தான் முதலிடம்.

அந்த டெஸ்ட்கள் நார்மல் என்றால், டெக்னீசியம் பைரோபாஸ்பேட் ஸ்கேன் எடுப்பார்கள். எலும்பு ஸ்கேன் எடுக்கும் அதே காமா கேமராதான். ஏ.டி.டி.ஆர். இருந்தால் இதயம் பளிச்சென்று தெரியும். பயாப்ஸி இல்லாமலே நோயை உறுதிசெய்யலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஏ.எல். வகையிலும் சிலருக்கு இந்த ஸ்கேனில் இதயம் தெரியும். அதனால் லைட் செயின் டெஸ்ட் இல்லாமல் இந்த ஸ்கேனை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

மற்றவர்களுக்கு பயாப்ஸி தேவைப்படும். பல நேரம் வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் கொஞ்சம் எடுத்தாலே போதும். அந்தத் திசுவில் காங்கோ ரெட் என்ற சாயம் ஏற்றி, துருவ ஒளியில் பார்த்தால் ஆப்பிள் பச்சை நிறத்தில் மின்னும். மின்னினால் அமிலாய்டு. பிறகு அது எந்தப் புரதம் என்று தனியாகக் கண்டுபிடிப்பார்கள். ஏ.டி.டி.ஆர். உறுதியானால் மரபணு டெஸ்ட்டும் உண்டு, ஏனென்றால் அதில் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் பற்றிய கேள்வியும் இருக்கிறது.

சிகிச்சை இருக்கா?

இருக்கிறது. இதுதான் பலருக்கும் தெரியாத செய்தி.

ஏ.எல். வகையில் குறி பிளாஸ்மா செல்கள்தான். போர்டெசோமிப், சைக்ளோபாஸ்பமைடு, டெக்ஸாமெத்தசோன் என்ற மூன்று மருந்துக் கூட்டணியோடு டாராடுமுமாப் ஊசியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 388 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. மூன்று மருந்து மட்டும் வாங்கியவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான் ரத்தத்தில் கெட்ட புரதம் முழுமையாக அடங்கியது. நான்காவது மருந்தும் சேர்ந்தபோது அது 53 சதவீதம் ஆனது. தகுதியுள்ள சிலருக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் உண்டு.

ஏ.டி.டி.ஆர். வகைக்கு ஒரு காலத்தில் உறுப்பு மாற்று ஒன்றுதான் வழி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாண ஆளுநராக இருந்த ராபர்ட் கேசிக்குப் பரம்பரை அமிலாய்டோசிஸ் இருந்தது. 1993 ஜூன் 14 அன்று அவருக்கு இதயம், கல்லீரல் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள். பாதிக்கப்பட்டது இதயம், கல்லீரலை ஏன் மாற்றணும்? கெட்ட புரதத்தைத் தயாரிப்பதே கல்லீரல்தான். இதயத்தை மட்டும் மாற்றினால் புது இதயத்திலும் படியும். ஆறு மாதத்தில் கேசி மறுபடி பதவிப் பொறுப்பை ஏற்றார். 2000 வரை உயிரோடு இருந்தார்.

இன்று மாத்திரையே இருக்கிறது. 2019 மே மாதம் டஃபாமிடிஸ் மாத்திரைக்கு, இதயம் பாதித்த ஏ.டி.டி.ஆர். நோய்க்காக அமெரிக்கா அனுமதி தந்தது. இங்கதான் மேலே சொன்ன தைராய்டு தொடர்பு திரும்ப வருகிறது. டிரான்ஸ்தைரெட்டினில் தைராக்ஸின் உட்காரும் அதே இருக்கையில்தான் இந்த மருந்து போய் உட்காருகிறது. உட்கார்ந்து, நான்கு துண்டுகளும் பிரிந்துபோகாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் இந்த மருந்து எடுப்பவர்களுக்கு டெஸ்ட்டில் மொத்த தைராக்ஸின் அளவு குறைவாகத் தெரியலாம், ஆனால் டி.எஸ்.ஹெச். மாறாது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவசரப்பட்டுத் தைராய்டு மாத்திரை தொடங்கிவிடக் கூடாது.

441 பேரிடம் 30 மாதம் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 43 சதவீதம் பேர் இறந்தார்கள். டஃபாமிடிஸ் வாங்கியவர்களில் இது சுமார் 30 சதவீதம். பிறகு 2024 நவம்பரில் அகோராமிடிஸ் மாத்திரைக்கும், 2025 மார்ச்சில் இதய பாதிப்புக்காக வுட்ரிசிரான் ஊசிக்கும் அமெரிக்கா அனுமதி தந்தது. வுட்ரிசிரான் 3 மாதத்துக்கு ஒரு முறை போடுவது. கல்லீரல் அந்தப் புரதத்தைத் தயாரிப்பதையே அது குறைக்கிறது.

ஏ.ஏ. வகையில் மூல நோயை அடக்குவதுதான் சிகிச்சை. காசநோய் என்றால் மருந்தை இடையில் விடாமல் முழுக் கோர்ஸும் முடிப்பது.

இந்த மருந்துகளில் பெரும்பாலானவை புதுப் படிவைத் தடுக்கின்றன. ஏற்கெனவே விறைத்துப்போன இதயத்தைப் பழையபடி ஆக்குவது கஷ்டம். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது மருந்தைப் போலவே முக்கியம். வழக்கமான சில இதய மருந்துகளும் இவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருந்து இருந்தும் எட்டாத விலை

2022 ஜூனில் முஷாரஃபைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச்சு எழுந்தது. அப்போது குடும்பத்தினர் சட்ட, பாதுகாப்புப் பிரச்சினைகளோடு ஒரு மருத்துவக் காரணத்தையும் சொன்னார்கள். டாராடுமுமாப் தடையில்லாமல் கிடைக்கணும், அது பாகிஸ்தானில் கிடைக்கவில்லை என்று. 1999 முதல் 2008 வரை ஒரு நாட்டையே ஆண்டவருக்கு, அந்த நாட்டில் தன் நோய்க்கான மருந்து இல்லை.

விலையைப் பாருங்கள். டஃபாமிடிஸ் அமெரிக்காவில் அறிமுகமானபோது ஒரு வருட விலை 2,25,000 டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். அதுவும் ஒரு கோர்ஸ் முடிந்து நிறுத்துவது அல்ல, தொடர்ந்து சாப்பிட வேண்டியது.

இந்தியாவில் நிலைமை வகைக்கு வகை மாறும். ஏ.எல். வகைக்கான அடிப்படை மூன்று மருந்துகளில் போர்டெசோமிப் உட்பட எல்லாவற்றையும் இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. அதனால் அந்தச் சிகிச்சை முழுக்க எட்டாத தூரத்தில் இல்லை. டாராடுமுமாப் சேரும்போதுதான் செலவு எகிறுகிறது. மத்திய அரசின் 2021 அரிய நோய்கள் கொள்கைப்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்கு, தேர்வுசெய்யப்பட்ட சிறப்பு மையங்களில் ஒரு நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை உதவி உண்டு. நம் நோய் அந்தப் பட்டியலில் வருமா, காப்பீட்டில் எது அடங்கும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையில் கேட்டுவிடுவது நல்லது.

விலையைக் குறைப்பது நம் கையில் இல்லை. அது அரசும் நிறுவனங்களும் பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் லேட்டைக் குறைப்பதற்கு ஒன்றரைக் கோடி தேவையில்லை.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு ஃபைல் போடுங்கள். வீட்டில் 50 வயது தாண்டியவர்கள் இருந்தால் அவர்களுடைய எல்லா ரிப்போர்ட்டும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் இருக்கட்டும். இசிஜி, எக்கோ, தைராய்டு, சிறுநீர் டெஸ்ட், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாமே.

எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த ஃபைலோடு போங்கள். இதய மருத்துவரிடம் 'கை ஆபரேஷன் பண்ணியிருக்கேன், தைராய்டு மாத்திரை சாப்பிடுறேன்' என்று சொல்லுங்கள். கைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே முடிவு செய்து விட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் யாராவது காரணம் தெரியாத இதயத் தடிப்பால் இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மேலே உதாரணத்துக்குப் பார்த்த 62 வயதுக்காரரின் வீட்டிலும் கை ஆபரேஷன் சம்மரி, தைராய்டு ரிப்போர்ட், நிறுத்திய பிரஷர் மாத்திரையின் சீட்டு எல்லாம் இருந்தன. ஒன்று பீரோவில், ஒன்று டிவி மேல், ஒன்று மகன் போனில். அவை ஒரே ஃபைலில் இருந்திருந்தால், அவரைப் பார்த்த நான்கு மருத்துவர்களில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு.

(இது பொதுவான தகவலுக்காக எழுதப்பட்டது. அறிகுறிகள் இருந்தால் மருத்துவரை நேரில் பார்த்து ஆலோசனை பெறவும். மருத்துவர் சொல்லாமல் எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.)